ஒரு கைக் கொழுந்து

ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் தும்மியது. மாலை போட வந்திருந்தவர்கள், தும்மல் ஓயட்டும் என்று மாலையைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்கள். ஓய்வதாகத் தெரியவில்லை. கடைசியில் ஒருவர் இரண்டு தும்மலுக்கு நடுவே சட்டென்று கழுத்தில் போட்டுவிட்டார். வைகாசி மாதத்தில் திருச்சியில் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நிழல் தேடுவோம். அதே வைகாசியில் இந்த ஊரில் பட்டப்பகலில் கோட்டுப் போட்டுக்கொண்டு, வாயால் புகை விட்டபடி நிற்கிறார்கள். கொஞ்சம் கடலும் கொஞ்சம் ரயிலும் தாண்டினால் இவ்வளவு குளிர் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

என்னை வரவழைத்தவர் கதிர்வேல் பிள்ளை. ஹட்டன் கடைத்தெருவில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர், முசிறிப் பக்கத்து மனிதர். சங்கதி இதுதான். ஞானமுத்து என்று ஒரு கிறிஸ்தவ உபதேசியார், தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசுகிறவர், ஒரு நாள் பிள்ளையின் கடை வாசலிலேயே நின்று, "உங்கள் சாமிகளில் எந்தச் சாமி நொண்டிக்கும் குருடனுக்கும் கஞ்சி ஊற்றியது?" என்று கேட்டுவிட்டார். பிள்ளைக்குப் பதிலும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை. சைவ மேடைகளில் வாய்வீச்சுக்குப் பேர்போன ஆளாக ஒருவரைத் திருச்சியில் தேடச் சொல்லியிருக்கிறார். அது நானாகப் போய்விட்டது.

புறப்படுகிற அன்று, நான் தினமும் சாப்பிடும் கிளப்புக்கடை ஐயர், "சிலோன்ல உமக்குச் சொந்தக்காரா யாராவது இருக்காளா?" என்று கேட்டார். சிலோனில் என்ன, திருச்சியிலேயே எனக்குச் சொந்தம் என்று சொல்ல ஆள் கிடையாது. மனைவி போய் வெகுகாலம் ஆயிற்று. பிள்ளைகுட்டி இல்லை. பேச்சு ஒன்றுதான் நான் பெற்ற பிள்ளை. அது போகிற ஊரிலெல்லாம் எனக்குச் சோறு போடுகிறது. "ஒருத்தரும் இல்லை ஓய்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினேன்.

பிள்ளை வீட்டில் உபசாரத்துக்குக் குறைவில்லை. ஆனால் சுற்றிலும் மலை மலையாகத் தேயிலை நிற்க, எனக்கு வேளை தவறாமல் வந்தது காப்பி. தேநீர் கேட்டுப் பார்த்தேன். பிள்ளையின் சம்சாரம் கதவுக்குப் பின்னாலிருந்து, "ஊருல இருந்து வந்தவங்களுக்குப் போயி யாராச்சும் தேத்தண்ணி குடுப்பாங்களா?" என்று வருத்தப்பட்டார். திருச்சியில் இப்போது தேநீர் குடிப்பதுதான் நாகரிகம் என்று சொன்னேன். அந்த அம்மாள் நம்பவில்லை. இன்னொரு தம்ளர் காப்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோட்டங்களுக்கு ஓய்வு. காலையிலேயே சனம் வந்து நிறைந்துவிட்டது. பிள்ளை கடைக்குப் பின்னால் இருந்த கிட்டங்கியைக் காலி செய்து, துணி மூட்டைகளையே மேடையாக அடுக்கியிருந்தார். நான் சீட்டித் துணிமேல் நின்றேன். உபதேசியார் மல்லுத் துணிமேல் நின்றார். ஒல்லியான மனிதர், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். கோட்டில் முழங்கை ஒட்டுப் போட்டிருந்தது. எதிராளியை முதலில் பார்க்கும்போது இவரை மடக்கிவிடலாம் என்று தோன்ற வேண்டும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவர்தான் தொடங்கினார். "நீ போன பிறவியில் செய்ததை இப்போது அனுபவிக்கிறாய் என்று ஒரு நொண்டியிடம் சொல்லிவிட்டால், அவனுக்கு ஒரு தடி வெட்டிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்?" என்றார்.

"வினை அவனுடையது. தடி வெட்டிக் கொடுக்கிற கடமை உங்களுடையது. கொடுக்காமல் இருந்து பாருங்கள், அடுத்த பிறவியில் நொண்டுவது நீங்கள்" என்றேன். கைதட்டல் எழுந்தது. கைதட்டல் கேட்டால் நான் இரண்டு அங்குலம் வளர்ந்துவிடுவேன்.

அந்த உயரத்திலேயே நின்று வமிசத்தைப் பற்றிப் பேசினேன். தந்தையைத் தாங்க மகன், மகனைத் தாங்கப் பேரன், செத்தவர்களுக்குக்கூட எள்ளும் தண்ணீரும் இறைக்க ஒரு கை. மூதாதையரிலிருந்து இறங்கி வருகிற இந்தச் சங்கிலிதான் நம் ஆஸ்பத்திரி, இதுதான் நம் அநாதை இல்லம், வேறு எதற்கு என்று கேட்டேன்.

"சங்கிலி அறுந்தவனுக்கு?" என்றார் உபதேசியார்.

அறுந்தவனுக்குச் சத்திரம் இருக்கிறது என்று சொல்லித் தாண்டிவிட்டேன். அவர் விடவில்லை. மனித குலம் முழுவதற்கும் ஒரே தகப்பன், ஆகவே எல்லாரும் எல்லாருக்கும் உறவு என்றார். நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். "ஒரே தகப்பன் பிள்ளைகளுக்கு உங்கள் கோயிலில் இந்தச் சாதிக்கு இந்தப் பக்கம், அந்தச் சாதிக்கு அந்தப் பக்கம் என்று ஏன் பாய் பிரித்துப் போடுகிறீர்கள்?" என்றேன்.

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு மெல்லச் சொன்னார்: "தப்புத்தான். ஆனால் உங்கள் கோயிலில் அவர்களுக்குப் பாயே கிடையாதே ஐயா."

கிட்டங்கியே சிரித்தது. கதிர்வேல் பிள்ளை மட்டும் கூரையில் ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். மத்தியானம் சாப்பாட்டில் எனக்கு உள்கூடத்தில் இலை. உபதேசியாருக்குப் பின்வராந்தாவில் தனி இலை. அவர் ரசம் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் தலைமை வகித்த பிள்ளை தீர்ப்புச் சொல்ல எழுந்தபோது, அவர் மைத்துனர் குறுக்கே எழுந்தார். முத்துசாமி என்று பெயர். வட்டகொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளை. கொழுந்து பறிக்கிற பெண்களை மேய்ப்பதும் அவர்கள் கூடையை நிறுப்பதும் அவர் வேலை.

"ரெண்டு பேரும் அருமையாப் பேசுனீங்க. எங்க தோட்டத்துல அங்காயின்னு ஒரு பொம்பள இருக்குதுங்க. நாப்பது வயசு இருக்கும். போன மழையில வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு கோணிப்போச்சு. தாய் தகப்பன் இல்ல, புருசனும் செத்துட்டான், புள்ள இல்ல. தேயில வெல விழுந்ததுல இருந்து, வேலைக்கு ஆகாத ஆளையெல்லாம் ஊருக்கு அனுப்பச் சொல்லிப் புதுத் தொரை உத்தரவு. பேர் வெட்டிட்டா குடியிருக்குற லயத்துக் காம்பராவும் போயிரும். இதுக்கு ரெண்டு பேரு வேதத்துலயும் என்னங்க சொல்லியிருக்கு?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்று பெயர். கூடை நிறை காட்டினால் பேர் உண்டு. காட்டாவிட்டால் அந்த நாள் உழைத்தது உழைத்ததுதான். இதைப் பிள்ளை என் காதில் சொல்லி முடிப்பதற்குள், அத்தனை முகமும் என்னைப் பார்த்ததில், நான் எழுந்துவிட்டேன். "அந்த அம்மாளை நான் திரும்பும்போது திருச்சிக்கு அழைத்துப் போகிறேன். சத்திரத்தில் சேர்த்து, சாகிறவரையில் சோறு கிடைக்கப் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். கைதட்டல். உபதேசியார் எழுந்து, "எங்கள் மிஷன் விடுதியில் நாளைக்கே சேர்த்துக்கொள்வோம். வைத்தியமும் உண்டு" என்றார். அதற்கும் கைதட்டல். ஏலத்தில் பானை கேட்பதுபோல மாறி மாறிக் கேட்டோம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். ஊருக்கு அன்று கூத்தாடிகளே இரண்டு பேர் கிடைத்திருந்தோம். முடிவில், பிள்ளையும் நாங்கள் இருவரும் நேரில் போய் அந்த அம்மாளை யார் எடுத்துக்கொள்வது என்று தீர்ப்பதாக ஏற்பாடாயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் போயிருக்க வேண்டும். பிள்ளை பலகாரம் கட்டி முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது. பஸ்ஸில் ஏறினோம். பஸ் என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு கோழிகள், முட்டைக்கோஸ் மூட்டைகள், நாங்கள், எல்லாரும் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்திருந்தோம். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. நான் மலைப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

முன் பெஞ்சியில் இரண்டு சிங்களப் பெண்கள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். உபதேசியாருக்குச் சிங்களம் தெரியும். என்ன பேச்சு என்று கேட்டேன். "சொன்னால் கோபிக்கக் கூடாது. ஒருவர் நெற்றியில் சாம்பல், ஒருவர் கழுத்தில் சிலுவை, இன்னொருவர் மடியில் பலகாரக் கூடை. யார் வீட்டுக் கல்யாணமோ என்கிறார்கள்" என்றார்.

ஒரு ஏற்றத்தில் பஸ் கொதித்து நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி வண்டிக்கு ஏதோ ஆறுதல் சொன்னார். அது சமாதானம் ஆகிறவரையில் பாதையோரத்துக் காய்கறித் தோட்டக்காரர் ஒருவர், வயதான சிங்களவர், எங்களைத் தன் வீட்டு முற்றத்தில் உட்கார வைத்துப் பால் இல்லாத தேநீரும் உள்ளங்கையில் ஆளுக்கொரு துண்டு கித்துள் பனைக் கருப்பட்டியும் கொடுத்தார். ஒரு கடி, ஒரு மடக்கு. நான் இந்த நாட்டில் குடித்த முதல் தேநீர் அதுதான். திருச்சியில் நாகரிகத்துக்காகக் குடிப்பதெல்லாம் வெந்நீர் என்று அப்போது தெரிந்தது. மூன்று பேருக்கும் ஒரே பெஞ்சியில் இடம். பிள்ளை சற்று நெளிந்துவிட்டுக் குடித்தார்.

எங்கே போகிறோம் என்று கிழவர் கேட்க, உபதேசியார் கதையை எல்லாம் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு வரி சொன்னார். உபதேசியார் அதை மொழிபெயர்க்காமல் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். நான் விடவில்லை.

"அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்கிறார்" என்றார்.

நான் பிள்ளையைப் பார்த்தேன். பிள்ளை என்னைப் பார்த்தார். எங்களில் யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. பஸ் ஹார்ன் அடித்தது நல்லதாய்ப் போயிற்று.

பொழுது சாய்கிற நேரத்தில் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். கணக்கப்பிள்ளை முத்துசாமி எங்களை லயத்துக்கு அழைத்துப் போனார். லயம் என்பது நீளமாக ஒரே கூரை. அதற்குள் வரிசையாகக் காம்பராக்கள். ஒரு வீட்டில் இருமினால் ஏழாவது வீட்டில் தண்ணீர் கொண்டுவருவார்கள். கடைசிக் காம்பரா வாசலில் அங்காயி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கோணிய வலது கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் மாவைத் தட்டிப் பரப்பினாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, முக்காட்டைச் சரி செய்துகொண்டு, "வாங்கய்யா, சாப்பிடுங்க" என்றாள். யார், எதற்கு என்றெல்லாம் கேட்கவில்லை. தேங்காய் ரொட்டியும் இடித்த சம்பலும். காரத்தில் என் சளி முழுவதும் இறங்கிப் போயிற்று.

பக்கத்துக் காம்பரா மீனாட்சி வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். முப்பது வயசுக்காரி, வாய் என் வாயை ஒத்தது. பிள்ளை கம்பீரமாகத் தொண்டையைச் சரி செய்துகொண்டு, "அம்மா, நீ எந்த ஊரு, யாரு வமிசம்?" என்றார். எங்கே அனுப்புவது என்று முடிவு செய்ய அது தெரிய வேண்டும் அல்லவா?

"ஊரு இதுதாங்க."

"அது சரி. பொறந்த ஊரு?"

"ரோட்டுல பொறந்தேங்க. அப்பல்லாம் மன்னார்ல இறங்கி மாத்தளைக்கு நடந்துதானே வருவாங்க. தம்புள்ளக் காட்டுல எங்கம்மா என்னயப் பெத்துப் போட்டுட்டுக் காய்ச்சல்ல போயிருச்சாம். அப்பன் அதுக்கு முந்தியே போயிட்டாராம். கூட வந்தவங்க தூக்கிட்டு வந்தாங்க."

"என்ன சாதின்னு சொல்லலியா?"

மீனாட்சி சிரித்தாள். "என்ன சாதின்னு சொல்றதுங்க? நடந்து வந்த கூட்டத்துல பால் இருந்த பொம்பளைங்க எல்லாம் ஆளுக்கு ஒரு நேரம் குடுத்து வளத்தாங்க. எங்க மாமியா குடுத்திருக்கு. அந்தக் கோடி வீட்டுச் செல்லாயியோட ஆத்தா குடுத்திருக்கு. கங்காணி வீட்டுலகூடக் குடுத்தாங்களாம், இப்ப ஒத்துக்க மாட்டாங்க."

பிள்ளை விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கையை மடக்கிக்கொண்டார்.   நான் பேசிய சங்கிலி இவளுக்குக் கிடையாது. ஆனால் அறுந்துபோய்க் கிடந்ததாகவும் தெரியவில்லை.

பிள்ளை எங்கள் ஏற்பாட்டைச் சொன்னார். திருச்சிச் சத்திரம், மிஷன் விடுதி, இரண்டில் எது வேண்டுமோ அது என்றார். அங்காயியின் கை மாவில் நின்றுவிட்டது. "திருச்சின்னா அது எங்கிட்டு இருக்குதுங்க?" என்று என்னைக் கேட்டாள். அதற்குமேல் எங்களிடம் கேட்கவில்லை. கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "நெறை சரியா வந்தா அனுப்ப மாட்டாங்கதானேங்க?"

முத்துசாமி தலையைச் சொறிந்தார். "நாளைக்கு நிறுவைக்குக் கண்டாக்கு வாறாரு. தொரை அதுக்குன்னே அனுப்புறாரு. அவரு முன்னாடி உன் கூடை நெறை காட்டுச்சுன்னா உன்னய ஏன் அனுப்பப் போறோம்? காட்டலேன்னா என்னால ஒண்ணும் ஆகாது தாயி."

கண்டாக்கு என்பவர் கணக்கப்பிள்ளைக்கு மேல், துரைக்குக் கீழ். அங்காயி தலையாட்டிவிட்டு மறுபடி ரொட்டி தட்டினாள். அதற்குப் பிறகு தட்டியதெல்லாம் ஓரம் கிழிந்து வந்தது.

காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் பிரித்து மலைக்கு அனுப்பினார்கள். நாங்களும் போனோம். தேயிலைச் செடிக்கு நடுவே நடப்பது எப்படி என்றால், அது நடக்க விடாது. வேட்டியைப் பிடித்து இழுத்தது. என் முழங்கால் இரண்டும் உரக்கப் பேசின. பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கும் தலையில் கூடைக் கயிறுமாக, அதே சரிவில் விறுவிறுவென்று ஏறினார்கள்.

கொழுந்து என்றால் இரண்டு இலையும் ஒரு குருத்தும். அதற்குமேல் கிள்ளினால் முத்தல், ஆகாது. மற்றவர்கள் இரண்டு கையாலும் கிள்ளித் தோளுக்கு மேலே எறிய, அங்காயி ஒற்றைக் கையால் ஓடி ஓடிக் கிள்ளினாள். கூடை ஏறவே இல்லை.  சத்திரத்து மண்டபத்தின் கல்தரையும், மத்தியானம் ஒரு வேளைச் சோற்றுக்கு நிற்கிற வரிசையும், அதில் பாஷை புரிந்தும் ஆள் தெரியாமல் நிற்கப்போகிற இவளும், வேண்டாம் வேண்டாம் என்று நான் விரட்டியும் கண்ணுக்குள் வந்து நின்றன.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். மீனாட்சி நிரை மாறிப் போகிறவள்போல அங்காயிக்குப் பின்னால் போனாள். போகிற போக்கில் தன் கூடையிலிருந்து ஒரு கை அள்ளி அவள் கூடையில் போட்டாள். முகம் வேறெங்கோ பார்த்தது. சற்றுப் பொறுத்துச் செல்லாயி போனாள், ஒரு கை. பிறகு இன்னொருத்தி. அங்காயி திரும்பிப் பார்க்கவில்லை. கணக்கப்பிள்ளை முத்துசாமி அந்நேரம் எல்லாம் வானத்தில் மழை அறிகுறி தேடிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் எங்களிடம் சொன்னது பாதிக் கதைதான் என்று புரிந்தது.

மீனாட்சி என் பக்கம் வந்தபோது, "உன் கூடை குறையாதா அம்மா?" என்று கேட்டேன்.

"ஒரு கைதானேங்க. எனக்குப் பேறுகாலத்துலயும் போட்டாங்க. யாருக்கு முடியலியோ அவங்களுக்குப் போடுறதுதான். சத்தம் போட்டுக் கேக்காதீங்க."

உபதேசியார் என் காதருகில், "இதைத்தான் ஐயா நாங்கள் போதிக்கிறோம்" என்றார். "இது எங்கள் தருமம் ஓய். நீங்கள் வருவதற்கு முன்பிருந்தே உண்டு" என்றேன். மலைச் சரிவில், செடிக்குள் சிக்கி நின்றுகொண்டு, கிசுகிசுவென்று கொஞ்ச நேரம் வாதம் செய்தோம். வெட்கக்கேடுதான், பழக்கம் விடவில்லை.

இந்தக் கிசுகிசுப்பு கதிர்வேல் பிள்ளையின் காதில் விழுந்துவிட்டது. நல்ல மனிதர், இளகிய மனசு. கண் கலங்கிவிட்டார். கண்ணெதிரே கிடைக்கிற புண்ணியத்தை யாராவது விடுவார்களா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செடிக்குள் இறங்கினார். கைக்கு அகப்பட்டதை எல்லாம் பறித்தார். மேல்துண்டு நிறைந்ததும் நேராகப் போய், "அங்காயி, இந்தா, என் தருமமும் இருக்கட்டும்" என்று மலை முழுவதும் கேட்கும்படி சொல்லிக் கூடையில் கொட்டி, கையால் நன்றாக அமுக்கியும் விட்டார். அவள் பதறிக் கூடையை இறக்குவதற்குள் நிறுவைக்குச் சங்கு ஊதிவிட்டது.

கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு மடுவம் என்று பேர். தொப்பியும் அரைக்கால் சட்டையுமாகக் கண்டாக்கு தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முதலில் கூப்பிட்டது அங்காயியைத்தான். கூடைக்குள் கையை விட்டார். வெளியே வந்தது அவருடைய உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முத்தல் இலை. மறுபடி விட்டார், ஒரு காம்போடு இரண்டு தேயிலைப் பூ. மூன்றாம் முறை தேயிலைக் காய்.

"என்ன இது? சாமிக்கு மாலை கட்டவா பறிச்ச?" என்றார்.  பிள்ளை முன்னால் வந்து, "நான்தாங்க..." என்று ஆரம்பித்தார். கண்டாக்கு கேட்கிற நிலையில் இல்லை. "கழிச்சுப் போடு. இன்னைக்கு இவளுக்குப் பேர் கெடையாது. கூட்டிட்டுப் போக இந்தியாவுல இருந்து ஆளே வந்திருக்காங்களாமே, அனுப்பிட வேண்டியதுதான். அடுத்த கூடை."

வந்த ஆள் நான்தான். அந்தக் கணத்தில் எங்காவது பள்ளத்தில் இறங்கிப் போய்விடலாமா என்று இருந்தது.

அடுத்த கூடை மீனாட்சியுடையது. அவள் அதை இறக்கித் தரையில் வைத்துவிட்டுக் குந்தினாள். "எங்க அக்கா கூடை தராசுல ஏறாம என் கூடை ஏறாதுங்க."

"நீ வா" என்று கண்டாக்கு செல்லாயியைக் காட்டினார். செல்லாயியும் குந்தினாள். கையைக் காட்டக் காட்ட, வரிசை முழுவதும் ஒவ்வொருத்தியாகக் குந்திவிட்டது. யாரும் சத்தம் போடவில்லை. கொழுந்து கூடையில் நெருங்கிக் கிடந்தால் சூடேறிச் சிவந்து பாழாகிவிடும். அது அவர்களுக்கும் தெரியும், கண்டாக்குக்கும் தெரியும். கொழுந்துக்காகத் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டி பாதையில் நின்றது.

முத்துசாமி மெல்ல, "முத்தலப் பொறுக்கிட்டு நிறுத்தா ஆகாதுங்களா?" என்றார். கண்டாக்கு வண்டியைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார். "பொறுக்கு. சீக்கிரம்" என்றார்.

அங்காயி இடுப்புப் படங்குச் சாக்கை விரித்து அதில் கூடையைக் கொட்டினாள். அவளும் மீனாட்சியும் செல்லாயியும் பொறுக்க உட்கார்ந்தார்கள். நானும் உபதேசியாரும் எதிரெதிரே குந்தினோம். முத்தல் எது என்று இதற்குள் எங்களுக்கே தெரிந்திருந்தது. பிள்ளை பறித்தது எல்லாம் முத்தல். பொறுக்கி முடித்துக் கூடையைத் தராசில் மாட்டினார்கள். நிறை குறைந்தது.

மீனாட்சி எழுந்தாள். தன் கூடையிலிருந்து ஒரு கை அள்ளினாள். கண்டாக்கின் முகத்துக்கு நேராக அதை அங்காயி கூடையில் போட்டாள்.

"என் கண்ணு முன்னாலயேவா?"

"இம்புட்டு நாளும் உங்க கண்ணுக்குப் பின்னால போட்டோங்க. இனி மறைக்க என்ன இருக்கு? எல்லாம் தோட்டத்துக் கொழுந்துதானே. வெளியிலயா போகுது?"

செல்லாயி ஒரு கை போட்டாள். பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். உருக்கம் தாங்காமல் கதிர்வேல் பிள்ளையும் யார் கூடையிலிருந்தோ அள்ளப் போனார். "ஐயா, நீங்க மட்டும் சும்மா இருங்க" என்றாள் மீனாட்சி. கண்டாக்கே சிரித்துவிட்டார். சிரித்த மனிதர் பிறகு எப்படி முறைப்பது? தராசுக் கம்பி சமமாக நின்றதும், "எனக்கு நெறை வந்தாப் போதும். கூடையில எத்தன கை இருந்துச்சுன்னு தொரை கேக்கல, நானும் சொல்லப் போறதில்ல. பேரப் போடுங்க கணக்கப்புள்ள" என்றார்.

கூடைகள் ஏறின. மழையும் பிடித்துக்கொண்டது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அங்காயியிடம் போனேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை அப்போது கேட்டேன்: "என்னோடு வருகிறாயா அம்மா?"

அவள் யோசித்துவிட்டு, "அங்க உங்களுக்கு யாருங்க இருக்காங்க?" என்றாள்.

மேடையில் என்றால் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். "யாரும் இல்லை" என்றேன்.

"அப்ப எதுக்குங்க அங்க போறீங்க? இங்கயே இருந்துருங்க. ஆளுக்கு ஒரு கை போட்டா உங்க கூடை நெறையாதா?"

விளையாட்டாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டாள். மீனாட்சிதான் விளையாட்டாக்கினாள். "மொதல்ல கிள்ளத் தெரியுமான்னு கேளுக்கா. அவரு கூட்டாளி கிள்ளுன லட்சணத்தத்தான் பாத்தோமே" என்றாள். மடுவமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் மேல்துண்டால் மூக்கைத் துடைக்க வேண்டியிருந்தது. சம்பலைக் காரணம் சொல்ல அப்போது சம்பலும் இல்லை.

வட்டகொடை ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது, உபதேசியார் கேட்காமலே என் பெட்டியை வாங்கிக்கொண்டார். "யார் ஜெயித்தது என்று ஹட்டனில் கேட்பார்களே, என்ன சொல்வோம்?" என்றார். பிள்ளை பலகாரக் கூடையைத் திறந்து, அவருக்கும் எனக்கும் ஒரே இலையில் அதிரசம் வைத்துவிட்டு, "நான்தான் தோத்தேன்னு சொல்லிருங்க" என்றார். அப்படியே சொல்லிவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

திருச்சியில் வெயில் அப்படியே இருந்தது. கிளப்புக்கடை ஐயர் இலை போட்டுக்கொண்டே, "என்ன ஓய், சிலோன்ல சொந்தக்காரா யாரும் இல்லேன்னு சொன்னீரே, எங்கே தங்கினீர், எப்படிச் சமாளிச்சீர்?" என்று கேட்டார்.

"இருக்கிறார்கள் ஓய். வட்டகொடைப் பக்கம். அப்போது எனக்குத் தெரியாது" என்றேன்.